நெகட்டிவ் கன்ட்ரோலையும் சேர்த்து அனுப்புங்க: சீக்வென்சிங் லேப்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய லேப் டைரக்டர்களுக்கும் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் டீமுக்கும்,

வணக்கம். சாம்பிள்ல இருக்குற டிஎன்ஏ மொத்தத்தையும் படிச்சு கிருமியக் கண்டுபிடிக்கிற மெட்டாஜீனோமிக்ஸ்னா என்னன்னு உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போறதில்ல, எங்களுக்கே நீங்க தான் எடுத்தீங்க, கான்ஃபரன்ஸ்ல, பிரியாணியோட. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

சமீபத்துல எங்க ஐசியூ பேஷன்ட் ஒருத்தருக்கு உங்கள்ல ஒரு லேப்ல இருந்து ரிப்போர்ட் வந்துச்சு. சுகர் இருக்கு, வயல் வேலை பாக்குறவர், மழைக்காலம், ரெண்டு லங்ஸும் வெள்ளையா இருக்கு, வென்டிலேட்டர்ல கிடக்காரு, பிளட் கல்ச்சர்ல ஒண்ணும் வளரல. லங்ஸுக்குள்ள டியூப் விட்டு பிரான்கோஸ்கோப்பி பண்ணி எடுத்த சாம்பிள அனுப்புனோம். வந்தது கலர் கலரா பை சார்ட் போட்ட ஒரு பிடிஎஃப். ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம், குட்டிபாக்டீரியம் ஆக்னெஸ், அதுக்குக் கீழ பர்கோல்டேரியா ஸ்பீசிஸ். எல்லாத்துக்கும் எதிர்ல "டிடெக்டட்"னு ஒரே பச்சை டிக். எத்தனை ரீட்ஸ், அதாவது அந்தக் கிருமியோடதுன்னு மெஷின் படிச்ச டிஎன்ஏ துண்டு எத்தனை? இல்ல. கிருமியோட ஜீனோம்ல (முழு டிஎன்ஏவுல) எந்த எடத்துல விழுந்துச்சு? இல்ல. அதே ரன்ல, பேஷன்ட் சாம்பிள் இல்லாம ஓட்டிப் பாக்குற நெகட்டிவ் கன்ட்ரோல்ல என்ன வந்துச்சு? அந்தப் பேச்சே இல்ல.

இப்ப நான் அந்த பர்கோல்டேரியாவ என்ன பண்றது சொல்லுங்க. அது அந்த வகையிலயே சூடோமல்லைங்கற கிருமியா இருந்தா மெலியாய்டோசிஸ், நம்ம நெல்வயல் மண்ணுலயே இருக்குற கிருமி, ரெண்டு வாரத்துக்குக் குறையாம செஃப்டாசிடிமோ மெரோபெனமோ நரம்புல போகணும், அப்புறம் மூணு மாசம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை, விட்டா ஆள் போயிடுவாரு. கல்ச்சர் நெகட்டிவ்னு நிம்மதியாவும் இருக்க முடியாது, மெலியாய்டோசிஸ்ல கல்ச்சர் பிடிக்கிறது சுமார் 60 சதவீதம் தான்னு சொல்றாங்க. ஆனா அதே பர்கோல்டேரியா டிஎன்ஏ எக்ஸ்ட்ராக்‌ஷன் கிட்லயும் (சாம்பிள்ல இருந்து டிஎன்ஏவப் பிரிக்கிறது) லேப் தண்ணியிலயும் ஒட்டிக்கிட்டு வரும்னு 2014லயே பேப்பர் வந்தாச்சு, அந்த லிஸ்ட்லயே ரால்ஸ்டோனியாவும் பிராடிரைசோபியமும் இருக்கு. ரெண்டுல எதுன்னு தெரியாம மெரோபெனம் ஓடிக்கிட்டு இருக்கு, வெளிய அவர் பையன் அந்தப் பிடிஎஃப போன்ல பெருசாக்கிக் காட்டி "இதுல எந்தக் கிருமி சார் எங்கப்பாவுக்கு?"ன்னு கேக்குறான். பச்சை டிக் எல்லாத்துலயும் இருக்கே தம்பின்னு சொல்லவா?

அதுக்கப்புறம் வேற வார்டுல இருந்து, சம்பந்தமே இல்லாத ஒரு மூளைக்காய்ச்சல் கேஸோட ரிப்போர்ட் அதே லேப்ல இருந்து வந்துச்சு. சாம்பிள் தண்டுவட நீர். லிஸ்ட்ட பாத்தா ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம், பர்கோல்டேரியா ஸ்பீசிஸ். அதே மூணு, அதே வரிசை. போன் பண்ணா "சாம்பிள்ல இருக்குறத தான் சார் பைப்லைன் ரிப்போர்ட் பண்ணுது"ன்னு ரொம்ப மரியாதையா பதில் (பைப்லைன்னா டேட்டாவ அலசுற சாஃப்ட்வேர்). கன்ட்ரோல் டேட்டா கேட்டா "அது இன்டர்னல் சார்".

ஐயா, அது இன்டர்னல் இல்ல, அது தான் ரிப்போர்ட்டே. ஒவ்வொரு கிருமி பேருக்குப் பக்கத்துலயும் ரீட் கவுன்ட்டும், அதே ரன்னோட நெகட்டிவ் கன்ட்ரோல்ல அந்தக் கிருமிக்கு எத்தனை ரீட்ஸ் வந்துச்சுங்கறதும் போடுங்க. நான் கேக்குறது இவ்ளோ தான்.

உடனே "கட்ஆஃப் வச்சுடுறோம் சார், 10 ரீட்ஸுக்குக் கீழ இருந்தா தூக்கிடுறோம்"னு கெளம்பிடாதீங்க, அது இதவிட மோசம். டிபி கிருமியோட செல் சுவர் லேசுல உடையாது, தண்டுவட நீர்ல அது இருக்குறதே கொஞ்சம், ரெண்டு மூணு ரீட்ஸ் தான் வரும், அது நிஜமாவே இருக்கலாம். ஆக்னெஸ் 5000 ரீட்ஸ் வந்தாலும் அது தோல்ல இருந்து வந்ததா இருக்கலாம். கன்ட்ரோலோட ஒப்பிட்டாதான் ரெண்டுக்கும் அர்த்தம் வரும். கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி, சான் ஃபிரான்சிஸ்கோ டீம் 2019லயே தங்களோட தண்டுவட நீர் டெஸ்ட்டுக்கு ரூல வெளிப்படையா போட்டாங்க: பாக்டீரியான்னா மொத்த ரீட்ஸ்ல அதோட விகிதம் கன்ட்ரோல்ல இருக்குறத விட 10 மடங்காவது இருக்கணும், வைரஸ்னா ஜீனோம்ல மூணு வேற வேற எடத்துலயாவது ரீட்ஸ் விழுந்திருக்கணும். ரகசியம் ஒண்ணும் இல்ல, ஓசியில படிக்கலாம்.

உங்க மேல மட்டும் பழி போடல. ரீட்ஸ எதோட ஒப்பிட்டு பேர் கண்டுபிடிக்கிறீங்களோ அந்த ரெஃபரன்ஸ் டேட்டாபேஸே குப்பை தான், ஜென்பேங்க்ங்கற பொது டேட்டாபேஸ்ல 20 லட்சத்துக்கும் மேல என்ட்ரிகள்ல வேற உயிரினத்தோட சீக்வென்ஸ் கலந்திருக்குன்னு 2020ல காமிச்சாங்க. மனுஷ டிஎன்ஏ கலந்த பாக்டீரியா ஜீனோம வச்சு தேடுனா பேஷன்ட்டோட சொந்த டிஎன்ஏவே பாக்டீரியாவா வேஷம் கட்டி வரும். கேன்சர் கட்டிகள்ல கிருமிகளோட தடயம் இருக்குன்னு நேச்சர்ல வந்த பெரிய பேப்பர்லயும் இந்தக் கோளாறு இருந்துச்சு, 2024ல வாபஸ் வாங்கினாங்க. சுத்தம் பண்ற வேலைக்கு யாரும் காசு தர மாட்டாங்க, புது மெஷின் வாங்க மட்டும் ரிப்பன் கட்டிங் நடக்கும். அட, அது வேற கதை, விடுங்க. ஆனா வலைய இழுத்து பாசியும் மீனுமா கொட்டிட்டு நீங்களே பொறுக்கிக்கோங்கன்னு போறதுக்கு இவ்ளோ ஃபீஸ் எதுக்குன்னு பேஷன்ட் வீட்ல கேட்டா எங்கிட்ட பதில் இல்ல.

கோவத்துல கொஞ்சம் அதிகமா பேசிட்டேன்னா மன்னிக்கணும். இந்த டெஸ்ட் வேணும்னு நெனைக்கிற ஆள் தான் நான். காரணமே தெரியாம கெடந்த ஒரு பையனோட மூளைக்காய்ச்சல்ல லெப்டோஸ்பைராவ இதே டெக்னிக் கண்டுபிடிச்சு, பென்சிலின்ல அவன் பொழச்சதும் 2014ல நடந்தது தானே.

அதனால தயவுசெஞ்சு கேட்டுக்கறேன்: ரீட் கவுன்ட், நெகட்டிவ் கன்ட்ரோல், ரெண்டும் ரிப்போர்ட்லயே வரணும். பர்கோல்டேரியா மாதிரி ட்ரீட்மென்டையே மாத்துற பேர் வந்தா, மிச்சம் இருக்குற டிஎன்ஏ எக்ஸ்ட்ராக்ட்ல ஒரு பிசிஆர் (அந்த ஒரு கிருமிய மட்டும் குறிவச்சு தேடுற டெஸ்ட்) ஓட்டிட்டு அனுப்புங்க. டெம்ப்ளேட் மாத்த நாளாகும்னா அதுவரைக்கும் வெறும் எக்செல் ஷீட்டா மெயில்ல போட்டாலும் போதும், பை சார்ட் இல்லைன்னா நாங்க கோவிச்சுக்க மாட்டோம்.

இப்படிக்கு,
ஒரு ஆஸ்பத்திரி மைக்ரோபயாலஜிஸ்ட்