வானத்து வெள்ளைக் கோட்டுக்கும் ஒரு முன்னறிவிப்பு தாருங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கும் இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். காய் பிடித்தால் காவலுக்குத் தோப்பிலேதான் படுக்கை. நிலா வெளிச்சத்தில் விமானங்கள் விட்டுப்போகும் வெள்ளைக் கோடுகள் நன்றாகத் தெரியும். பிள்ளைகள் அதை ராக்கெட் புகை என்பார்கள். உண்மையில் அது பனித்துகள்: என்ஜின் விடும் நீராவி கடுங்குளிரில் உறைந்து வருவது. ஒரு கோடு விமானத்தின் வாலோடே கரைந்துவிடும். இன்னொன்று மணிக்கணக்கில் நின்று, அகன்று, சல்லாத்துணி மாதிரி வானத்தில் படரும். அந்த உயரத்துக் காற்றில் ஈரம் மிஞ்சிக் கிடந்தால் கோடு நிற்கும், காய்ந்திருந்தால் நிற்காது.

நிற்கிற கோடுதான் கவலை. தரையிலிருந்து மேலே போகும் சூட்டை அது போர்வை போலப் பிடித்து வைக்கிறது. பகலில் கொஞ்சம் வெயிலைத் திருப்பியாவது அனுப்பும். இரவில் அதுவும் இல்லை.

ஈரமான அடுக்கு பக்கவாட்டில் பல நூறு கிலோமீட்டர் பரந்திருந்தாலும் தடிமன் குறைவு. விமானம் சில ஆயிரம் அடி ஏறினாலோ இறங்கினாலோ பெரும்பாலும் தப்பிவிடலாம். 2023இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் கூகுளின் கணிப்பைப் பார்த்து 70 பயணங்களில் இப்படிச் செய்தார்கள். கோடுகள் 54 சதவீதம் குறைந்தன. உயரம் மாற்றிய பயணங்களில் எரிபொருள் 2 சதவீதம் கூடியது.

அந்த 2 சதவீதத்தை நான் லேசாக எண்ணவில்லை. உங்கள் மழை அறிவிப்பைப் பார்த்துத்தான் மாமரத்துக்கு மருந்து அடிக்கிறேன். அறிவிப்பு தப்பினால் மருந்துக் காசு போச்சு. விமானிக்கும் அதே கதைதான்: கணிப்பு பிசகினால் எரிபொருளும் வீண், அதன் கரியும் காற்றில் சேரும். அதனால்தான் கணிப்பு நம் வானத்துக்கென்றே அமைய வேண்டும் என்கிறேன். அதே உயரத்தில் ஐரோப்பாவைவிட நம் காற்று சூடானது, அவர்கள் கணக்கை அப்படியே எடுத்துவர முடியாது. சென்னையிலும் பெங்களூருவிலும் நீங்கள் விடும் பலூன்கள் ஈரத்தை அளக்கின்றன. ஆனால் அந்தக் குளிர் உயரத்தில் ஈரமானிகள் தடுமாறும். பலூன் ஏறும் நேரங்களுக்கு நடுவே பல மணி நேர இடைவெளியும் உண்டு. பயணிகள் விமானங்கள் சிலவற்றிலேயே ஈரமானி பொருத்தச் சொல்லுங்கள். சென்னை வான்பகுதியில் இரவுப் பயணங்களுக்கு மட்டுமாவது, எந்த உயரத்தில் கோடு நிற்கும் என்று தினமும் அறிவித்துப் பாருங்கள். சரியா தப்பா என்று ஓரளவு பார்க்க, அகன்று படர்ந்த கோடுகளுக்கு இன்சாட்-3டிஎஸ் வானிலைச் செயற்கைக்கோளின் படங்கள் உதவலாம்.

அப்புறம், கீழிருந்து பார்க்கவும் ஆள் வேண்டும். தை மாதத்திலிருந்து கோடு விழுந்த நேரம், திசை, எவ்வளவு நேரம் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி மாவட்டத்து மா விவசாயி