எல்லாமே 'அற்பமான' ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆங்கிலச் சொல் பயிற்சிப் பகுதியில் பெட்டி, டிரிவியல், நெக்ளிஜிபிள், நாமினல், மைனர், பால்ட்ரி ஆகிய ஆறு சொற்களுக்கும் 'சிறிய, அற்பமான' என்று ஒரே பொருள் தரப்பட்டிருந்தது. தேர்வுக்குப் படிப்பவர்களும் அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதுபவர்களும் இந்தப் பகுதியைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இவற்றில் மிகவும் ஆபத்தானது பெட்டி. 'சிறிய' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. முதலில் அதற்கு அந்தப் பொருள் மட்டுமே இருந்தது. அந்தப் பழைய பொருள் இன்று பெட்டி கேஷ், பெட்டி கேஸ் போன்ற தொடர்களில்தான் தங்கியிருக்கிறது. (பெட்டி கேஷ் என்பது பெட்டியில் வைக்கும் பணம் என்பதால் வந்த பெயர் அல்ல, சில்லறைச் செலவுக்கான பணம்.) மற்ற இடங்களில் எல்லாம் அது மனதின் சிறுமையைக் குறிக்கும். ஒருவரை 'பெட்டி' என்றால் அவர் அல்பத்தனமாக நடந்துகொள்கிறார் என்று பொருள். பணிவாக எழுதுவதாக நினைத்து 'ஐ ஹேவ் எ பெட்டி ரெக்வெஸ்ட்' என்று எழுதினால், தன் வேண்டுகோள் கீழ்த்தரமானது என்று தானே சொன்னதாக ஆகும். அங்கே வரவேண்டியது 'ஸ்மால்'.

டிரிவியல் என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல்லின் பொருள் மூன்று தெருக்கள் கூடும் இடம், நம் முச்சந்தியேதான். முச்சந்தியில் யார் வேண்டுமானாலும் பேசக்கூடிய பேச்சு என்பதிலிருந்து 'பெரிதாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லாதது' என்ற பொருள் வந்தது. இந்தச் சொல் அளவைவிட முக்கியத்துவத்தைப் பற்றித்தான் பேசுகிறது. கணிதத்தில் டிரிவியல் தீர்வு என்றால், எல்லா மாறிகளுக்கும் பூஜ்யம் போட்டாலே கிடைத்துவிடும் தீர்வு போல, யோசிக்காமலே கைக்கு வருவது. அதை 'அற்பத் தீர்வு' என்று படிக்கும் மாணவருக்கு எதுவும் விளங்காது.

நெக்ளிஜிபிள் என்றால் 'கணக்கில் சேர்க்காமல் விடலாம்' என்று பொருள். எந்தக் கணக்கில் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவே கூடாது. 50 கிலோ மூட்டையில் 1 கிராம் கூடினாலும் குறைந்தாலும் நெக்ளிஜிபிள். 500 மில்லிகிராம் மாத்திரையிலோ அதே 1 கிராம் இரண்டு மாத்திரைக்கான மருந்து. 'புறக்கணிக்கத்தக்க' என்பது இதற்குச் சரியான தமிழ். இதையும் நெக்ளிஜென்ட் என்பதையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. இரண்டாவது, கவனக்குறைவான ஆளைச் சொல்வது.

இதையொட்டி இன்னொரு குழப்பம், செய்திகளில் அடிக்கடி வருவது. மருத்துவ ஆய்வறிக்கையில் 'நாட் சிக்னிஃபிகன்ட்' என்று இருந்தால், 'வித்தியாசம் அற்பமானது' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அங்கே அது புள்ளியியல் சொல். கிடைத்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற ஐயத்தை ஒதுக்க முடியவில்லை என்று பொருள். உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தெரிவதற்கான வாய்ப்பைப் பி மதிப்பு என்பார்கள்; வழக்கமாக அது 0.05-க்குக் கீழே வந்தால்தான் சிக்னிஃபிகன்ட். 12 பேரிடம் மட்டும் சோதித்தால் பெரிய வித்தியாசம்கூட இந்தக் கோட்டைத் தாண்டாமல் போகலாம். பல்லாயிரம் பேரிடம் சோதித்தால், ரத்த அழுத்தம் ஒரே ஒரு புள்ளி குறைந்தாலும் தாண்டிவிடலாம்.

நாமினல் என்பதற்கு நம்மிடமே அச்சு அசலான சொல் இருக்கிறது: பெயரளவு. 'நாமினல் ஃபீ' என்றால் பேருக்கு ஒரு கட்டணம். ஆனால் பொருளாதாரத்தில் நாமினல் வட்டி 8 சதவீதம் என்றால் அது சிறிய வட்டி அல்ல; பணவீக்கத்தைக் கழிக்காத வட்டி. பணவீக்கம் 6 சதவீதம் என்றால் உண்மையில் கைக்கு வருவது ஏறக்குறைய 2 சதவீதம்தான். அந்த இடத்தில் 'சொற்ப வட்டி' என்று எழுதினால் செய்தியே தப்பாகிவிடும்.

மைனர் எப்போதும் மேஜருக்கு எதிரில் நிற்கும் சொல். மருந்துத் தாளில் 'மைனர் சைட் எஃபெக்ட்ஸ்' என்று இருந்தால் 'லேசான பக்க விளைவுகள்' என்று எழுதுங்கள். 'அற்பமான' என்பது வலியோடு இருப்பவரைச் சிறுமைப்படுத்தும். 'அரிதான' என்பதும் தவறு. லேசான விளைவு பத்தில் ஐந்து பேருக்குக்கூட வரலாம். பால்ட்ரி பெரும்பாலும் தொகைக்கு வரும். இவ்வளவுதானா என்ற ஆதங்கம் அதற்குள்ளேயே இருக்கிறது.

பட்டியலில் லிட்டில் இல்லை. எளிய சொல் என்று விட்டிருப்பீர்கள். அதிகம் தடுக்கி விழும் இடம் அதுதான். 'எ லிட்டில் எவிடென்ஸ்' என்றால் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. முன்னால் உள்ள 'எ' போய்விட்டால், ஆதாரம் இல்லை என்றே சொல்லலாம் என்று பொருள் தலைகீழாகிறது. தமிழில் 'கொஞ்சம் இருக்கிறது', 'கொஞ்சம்தான் இருக்கிறது' என்ற இரண்டுக்கும் நடுவே 'தான்' செய்யும் வேலையை, அங்கே ஒற்றை எழுத்து செய்கிறது. ஃபியூ, எ ஃபியூ இரண்டுக்கும் இதே கதைதான். அளவைச் சொல்லும் இடத்திலும் லிட்டிலில் பேசுபவரின் மனம் ஒட்டிக்கொண்டிருக்கும். குழந்தையின் கையை லிட்டில் என்றால் அது கொஞ்சல். புகார் சொன்னவருக்கு 'யுவர் லிட்டில் பிராப்ளம்' என்று பதில் எழுதினால் அது இளக்காரம். ஸ்மாலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்த முறை ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முழு வாக்கியமும், அது எதனோடு சேர்ந்து வரும் என்பதும் இருக்கட்டும். அதற்கு இடம் பற்றாவிட்டால், ஆறு சொற்களுக்குப் பதில் இரண்டே சொற்கள் போடலாம். அதே பக்கத்தில் மினஸ்க்யூல் என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலும் பிழையாக அச்சாகியிருக்கிறது. எம், ஐ, என் ஆகியவற்றுக்கு அடுத்து வரவேண்டிய எழுத்து யு-தான்; ஐ அல்ல. அந்தச் சொல் மினியிலிருந்து வந்ததல்ல, மைனஸின் குடும்பம். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள ஒரு வாசகர்