சாந்தோரினியின் திராட்சைத் தோட்டங்களுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்

கிரேக்கத் தீவுகளுக்குக் குழுப் பயணம் நடத்தும் தமிழ்ச் சுற்றுலா அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருடைய பயணத்திட்டங்களை வாங்கிப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சாந்தோரினி நாள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. காலையில் ஓயாவில் நீலக் கூரைத் தேவாலயங்களின் முன் படம், மதியம் ஃபிராவில் கடைவீதி, மாலையில் மறுபடி ஓயாவில் சூரிய அஸ்தமனம், அப்புறம் கப்பல். அந்தத் தீவில் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் திராட்சைத் தோட்டங்களையும் சிறு ஒயின் கூடங்களையும் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைச் சேருங்கள், அரை நாள் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்களில் சிலர் அக்ரோத்திரி அகழாய்வுக்குக் கூட்டிப்போகிறீர்கள். நல்ல காரியம். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, அந்த ஊரைச் சாம்பலும் நுரைக்கல்லும் மூடின. 1967-இல் கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்பிரிடான் மரினாட்டோஸ் தோண்டத் தொடங்கியபோது, இரண்டு மாடி வீடுகளும் சுவரோவியங்களும் அப்படியே வெளிவந்தன. இதையெல்லாம் உங்கள் வழிகாட்டிகள் அழகாகச் சொல்கிறார்கள். ஆனால் அதே சாம்பலில்தான் அந்தத் தீவின் திராட்சை வளர்கிறது என்பதைச் சொல்ல ஆளில்லை. அகழாய்வுக் கூடத்தை விட்டு வெளியே வந்து சற்றுத் தூரம் போனாலே கொடிகள் கண்ணில் படும். கதையின் பாதியைச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுகிறீர்கள்.

கொடி என்றதும் பந்தல்தானே நம் நினைவுக்கு வரும்? அங்கே பந்தல் கிடையாது. கோடை முழுவதும் வடக்கிலிருந்து வீசும் மெல்தெமி காற்று, பந்தலையும் பூவையும் பிஞ்சையும் சேர்த்துக் கிழித்துப் போட்டுவிடும். அதனால் கொடியைத் தரையோடு தரையாக, வட்டக் கூடை போலப் பின்னிவிடுகிறார்கள். கூலூரா என்று அதற்குப் பெயர். உயரம் முழங்காலுக்கும் கீழே. குலைகள் அந்தக் கூடைக்குள், இலை மறைவில் தொங்கும். மேலே காற்றும் அது வாரிவரும் மணலும் வெயிலும். உள்ளே பழத்துக்கு நிழல். கோடையில் மழை என்பதே அநேகமாக இல்லை. கடலிலிருந்து இரவில் ஏறிவரும் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, பகலில் கொடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது.

அந்தக் கூடையை யார் பின்னுகிறார்கள் என்பதைத்தான் உங்கள் பயணிகள் பார்க்க வேண்டும். குளிர்காலக் கவாத்தின்போது ஒருவர் தரையில் குனிந்தபடி, போன பருவத்தின் தண்டுகளில் எதை வெட்டுவது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, விட்டதை உடையாமல் வளைத்து, பழைய வளையத்தின்மேல் சுற்றுகிறார். வருடத்துக்கு ஒரு சுற்று. கொஞ்சம் வேகமாக வளைத்தால் தண்டு முறிந்துவிடும். முறிந்தால் அந்தப் பக்கத்துக்கு அந்த வருடக் காய்ப்பு போச்சு. இதற்கு இயந்திரம் கிடையாது, அறுவடைக்கும் கிடையாது. எல்லாம் கைதான், அதுவும் குனிந்த இடுப்போடு. கோடையில் போகும் உங்கள் குழுவால் கவாத்தைப் பார்க்க முடியாது. ஆனால் ஒரு கூடையின் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கடுக்காகச் சுற்றிய தண்டைப் பார்த்தால், அத்தனை வருடத்துக் கைவேலையும் தெரியும். பல பத்தாண்டுகள் கழித்துக் காய்ப்பு குறைந்ததும், கூடையை அடியோடு வெட்டிவிட்டு அதே வேரிலிருந்து புதுத் தளிர் விடுகிறார்கள். அதனால் மேலே இளசாகத் தெரியும் கொடிக்குக் கீழே நூறாண்டைத் தாண்டிய வேர் இருப்பது அங்கே சர்வ சாதாரணம்.

இன்னொன்று. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சையை ஏறக்குறைய துடைத்தெடுத்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். இன்றும் பெரும்பாலான இடங்களில் அதுதான் முறை. சாந்தோரினி மண்ணில் களி மிகக் குறைவு என்பதால் அந்தப் பூச்சியால் அங்கே பிழைக்க முடியவில்லை. ஆகவே அங்குள்ள கொடிகள் தங்கள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. ஒரு கொடி செத்துப்போனால் பக்கத்துக் கொடியின் தண்டை வளைத்து மண்ணுக்குள் பதியம் போடுகிறார்கள். பதியம் என்றால் நம் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம், உடனே புரிந்துவிடும்.

சரி, யாருடைய தோட்டங்கள் இவை? 1947-இல் தொடங்கிய விவசாயிகளின் கூட்டுறவு பெரியது. அதன் கூடத்துக்குப் பெரிய பேருந்துகள் ஏற்கனவே போகின்றன. நான் கேட்பது குடும்பக் கூடங்களுக்காக. ஆர்கிரோஸ் குடும்பம் 1903 முதல் ஒயின் செய்கிறது. மெகாலோஹோரி என்ற ஊரில் கவாலாஸ் குடும்பம் இருக்கிறது. மவ்ரோத்ராகனோ என்ற கறுப்புத் திராட்சை வகை அழியும் நிலைக்குப் போனபோது, அதை மீட்டு ஒயினாக்கிக் காட்டியவர்களில் முக்கியமானவர்கள் பாரிஸ் சிகாலாஸும் ஹரிதிமோஸ் ஹட்ஸிதாகிஸும். ஹட்ஸிதாகிஸ் 2017-இல் காலமான பிறகு அவர் குடும்பம் கூடத்தை நடத்திவருகிறது. இப்படிப்பட்ட இடங்களில் எரிமலை மண்ணைக் குடைந்து கட்டிய பழைய நிலவறைகளைப் பார்க்கலாம். கனாவா என்பார்கள். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளுமையாக இருக்கும். அந்தக் காலத்தில் கல் தொட்டியில் பழத்தைக் கொட்டிக் காலால் மிதித்துச் சாறு எடுத்தார்கள். அந்தத் தொட்டிகள் சில கனாவாக்களில் இன்னும் இருக்கின்றன.

இவை எப்போதும் இப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 1956 ஜூலையில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு ஏராளமானோர் தீவை விட்டுப் போனார்கள். பிறகு சுற்றுலா வந்தது. தோட்டத்தைவிடத் தங்கும் விடுதி பல மடங்கு காசு தந்தது. இளைய தலைமுறைக்கு இடுப்பொடியக் குனிந்து கூடை பின்னுவதைவிட விடுதி வேலை சுலபம், அதில் தப்பும் இல்லை. கொடி இருந்த நிலத்தில் நீச்சல் குளங்கள் எழும்பின. அண்மை ஆண்டுகளின் வறட்சி இன்னொரு அடி; 2023, 2024 இரண்டு அறுவடையும் மோசம். பழத்தின் விலை ஏறியிருக்கிறது, உண்மைதான். ஆனால் பழமே இல்லாதபோது விலை ஏறி என்ன பயன்?

சுற்றுலாவால் சுருங்கிய தோட்டத்துக்குச் சுற்றுலாவே கொஞ்சமாவது கை கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. நான் போன குழுவில் பேருந்து அதினியோஸ் துறைமுகத்திலிருந்து வளைந்து வளைந்து மேலேறி, மெகாலோஹோரித் தோட்டங்களின் நடுவே போனது. பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்டோம். “அங்கே என்ன சார் இருக்கு, வெறும் புதர்” என்றார் அமைப்பாளர். அதற்குப் பிறகு ஒரு நினைவுப் பொருள் கடையில் முக்கால் மணி நேரம் நின்றோம். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்தப் புதருக்குத்தான் அந்தத் தீவுக்காரர்கள் தங்கள் முதுகைக் கொடுத்திருக்கிறார்கள்.

எப்படிச் செய்யலாம்? நாற்பது பேரை ஒரே நேரத்தில் ஒரு சின்னக் கூடத்தில் இறக்கிவிடாதீர்கள். அவர்களால் தாங்க முடியாது. குழுவைப் பிரித்து இரண்டு மூன்று இடங்களுக்கு அனுப்புங்கள். முன்கூட்டியே பேசி நேரம் வாங்குங்கள், சுவைப்புக் கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ஆகஸ்ட் பெரும்பாலும் அறுவடை மாதம். குடும்பத்தில் எல்லோரும் தோட்டத்திலோ கூடத்திலோ இருப்பார்கள். அந்த மாதம் போனால், அவர்கள் சொல்லும் நேரத்துக்குத்தான் போக வேண்டும். மிக முக்கியமாக, படம் எடுக்கக் கொடிக்கூடைமேல் கால் வைக்கவோ உட்காரவோ யாரையும் விடாதீர்கள். நடப்பதற்கு வரப்பு இருக்கிறது.

சுவைப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் அஸிர்திகோ என்ற வெள்ளைத் திராட்சையின் இளம் ஒயின். அவ்வளவு வெயிலில் பழுத்தும் அந்தப் பழம் புளிப்பை விடாது, கூடவே நாக்கில் லேசாக உப்பும் தட்டும். கடைசியில் வின்சாந்தோ. பழத்தை இரண்டு வாரம் போல வெயிலில் உலர்த்தி, பிழிந்து, நொதிக்க வைத்து, குறைந்தது இரண்டு ஆண்டு மரப்பீப்பாயில் வைக்கும் இனிப்பு ஒயின். ஒரு மிடறு போதும். விழுங்காமல் துப்பிவிடவும் அங்கே பாத்திரம் வைத்திருப்பார்கள், அது மரியாதைக் குறைவு ஆகாது என்பதை உங்கள் ஆட்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

“எங்கள் குழுவில் பாதிப் பேர் குடிக்கமாட்டார்கள், குடும்பத்தோடு வருகிறார்கள்” என்பீர்கள். தெரியும். அவர்கள் ஒரு சொட்டுக்கூடத் தொட வேண்டாம். தோட்டத்தையும் நிலவறையையும் வேலை செய்பவர்களையும் பார்க்கக் குடிக்க வேண்டிய அவசியம் இல்லை. சொல்லிவைத்தால், பல இடங்களில் தீவின் ஃபாவா மசியலும் தக்காளி வடையும் தட்டில் வரும். ஃபாவா ஒரு வகைப் பருப்பு, சைவம்தான். உங்கள் குழுவிலுள்ள விவசாயக் குடும்பத்துப் பெரியவர்கள் மற்ற எல்லோரையும்விட அதிகமாகக் கேள்வி கேட்கப் போவது இந்த இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கப்பலில் வந்திறங்கும் பயணிகளுக்கு நாளொன்றுக்கு 8,000 என்று 2025 முதல் வரம்பு வைத்திருக்கிறார்கள். கப்பல் பயணிக்கு 2025 ஜூலையிலிருந்து கோடைக் கட்டணமாகத் தலைக்கு 20 யூரோவும் வந்துவிட்டது. கப்பலிலிருந்து இறங்கி ஓடும் நாளைக் கைவிட்டு, தீவில் ஒரு இரவு தங்குவதாகத் திட்டத்தை மாற்றுங்கள். மறுநாள் காலை தோட்டத்துக்கு. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

அடுத்த பருவத்துக்கான திட்டங்களை நீங்கள் அச்சுக்குக் கொடுப்பதற்குள் இது உங்கள் கண்ணில் பட வேண்டும் என்பதால்தான் இப்போதே எழுதுகிறேன். திட்டத்தில் சாந்தோரினிக்கான பக்கத்தில் எந்தக் குடும்பக் கூடம், எத்தனை மணிக்கு என்று ஊர் பெயரோடு சேர்த்துப் போடுங்கள். ‘நேரம் இருந்தால்’ என்று மட்டும் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பயணிகளில் ஒருவர்