சுவிட்சர்லாந்தா, ஆஸ்திரியாவா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சுவிட்சர்லாந்தில் விலை அதிகம், அதே ஆல்ப்ஸ் மலையைப் பக்கத்து ஆஸ்திரியாவில் குறைந்த செலவில் பார்த்துவிடலாம் என்று உங்கள் பயணப் பக்கம் ஒரே வரியில் முடித்துவிட்டது. சராசரி விலையைப் பொறுத்தவரை இது சரிதான். ஆனால் எந்த மாதம் போகிறோம், கார் ஓட்டுவோமா, எத்தனை மலை ஏறப்போகிறோம் என்ற மூன்றும் தெரியாமல் இந்த இரண்டு நாடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பணமும் நாளும் வீணாகும்.

மாதம்தான் முதல் கேள்வி. குளிர்கால சீசன் முடிந்த ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி நவம்பரிலும் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள். மேலே நடைபாதைகளில் பனி கிடக்கும், அல்லது உருகிச் சேறாகியிருக்கும். அந்த வாரங்களில் மலைக்காக மட்டும் சுவிட்சர்லாந்து போவது வீண். வியன்னா, சால்ஸ்பர்க் என்று ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு ஆஸ்திரியா அப்போதும் நிறைவாக இருக்கும். மலைதான் குறி என்றால் ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். ஆனால் ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய சால்ஸ்பர்க்கில் இசை விழா நடக்கும். அறை வாடகை அப்போது ஏறிவிடும் என்பதால், விழாவுக்குப் போகாதவர்கள் வேறு ஊரில் தங்குவது நல்லது.

அடுத்தது கார். ஓட்டத் தெரியாதவர்களுக்கும் ஓட்ட விரும்பாதவர்களுக்கும் நான் தயங்காமல் சொல்வது சுவிட்சர்லாந்து. ரயில், பஸ், ஏரிப் படகு எல்லாம் ஒன்றோடொன்று நேரம் பொருந்தி ஓடுகின்றன. வெங்கன், முர்ரன் போன்ற மலைக் கிராமங்களுக்குக் காரே போகாது. செலவில் கோட்டை விடுவது பெரும்பாலும் பாஸ் விஷயத்தில்தான். குறிப்பிட்ட நாட்களுக்கு ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் செல்லும் பயணச் சீட்டான சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் எல்லாமே இலவசம் என்று நினைத்து வாங்குகிறார்கள். 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃபிராயோக் ரயில் நிலையத்துக்கு அந்த பாஸ் வெங்கன் அல்லது கிரிண்டல்வால்ட் வரைதான் செல்லும். அதற்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே. சலுகை இல்லாமல் இன்டர்லாக்கனிலிருந்து போய்வர சீசனில் 200 ஃபிராங்குக்கு மேல் ஆகும். ஒரே ஊரில் தங்கி இரண்டு மூன்று மலை ஏறுகிறவர்களுக்குப் பாதிக் கட்டண அட்டைதான் பெரும்பாலும் லாபம். தினமும் ஊர் மாறிக்கொண்டே ரிகி போல பாஸில் முழுதாகச் சேர்ந்த மலைகளைப் பார்ப்பவர்களுக்கு பாஸ் லாபம். எதை வாங்கினாலும், உச்சியின் நேரலைக் கேமராவைக் காலையில் பார்த்துவிட்டு மலை டிக்கெட் எடுங்கள். மேகம் மூடிய நாளில் மேலே வெறும் வெள்ளைதான் தெரியும்.

கார் உள்ள குடும்பத்துக்கு ஆஸ்திரியா. 1935இல் திறந்த குரோஸ்குளோக்னர் மலைச்சாலை 48 கிலோமீட்டர் நீளம், 36 கொண்டை ஊசி வளைவுகள். 2,369 மீட்டர் உயரத்தில் வண்டியை நிறுத்தினால் எதிரே பாஸ்டெர்ட்சே பனியாறு. சாலை ஏறத்தாழ மே தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நெடுஞ்சாலையில் ஓட்டக் கட்டணம் கட்டி வாங்கும் அனுமதிச் சீட்டான விக்னெட்டை ஆஸ்திரியாவில் ஒரு நாளுக்கோ பத்து நாளுக்கோ வாங்கலாம். சுவிட்சர்லாந்தில் ஆண்டு விக்னெட் மட்டுமே, 40 ஃபிராங்க்.

கார் இல்லாமல் ஆஸ்திரியாவின் ஏரிக்கரை ஊரான ஹால்ஸ்டாட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரயில் நிலையம் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குப் படகில்தான் போக வேண்டும். படகு ரயில் நேரத்தை ஒட்டியே வரும், ஆனால் இரவு ரயில்களுக்கு வராது. பெட்டியோடு இருட்டில் எதிர்க்கரையில் நிற்காமலிருக்க, கடைசிப் படகின் நேரத்தைப் பார்த்து அதற்கேற்ப ரயிலைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டையும் பார்க்க விரும்பினால் சூரிச்சிலிருந்து சால்ஸ்பர்க்குக்கு நேரடி ரயில் உண்டு, சுமார் ஐந்தரை மணி நேரம். முன்கூட்டி எடுக்கும் ஆஸ்திரிய ரயில்வேயின் ஸ்பார்ஷீனே டிக்கெட் மலிவு, ஆனால் குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டுமே செல்லும். இரண்டு நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவைப்படுகிறவர்கள் அதிக நாள் தங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டில். ஹோட்டல் முன்பதிவும் விண்ணப்பமும் ஒத்துப்போகாவிட்டால் சிக்கல்தான்.

எல்லை தாண்டும்போது பாஸ்போர்ட் சோதனை வழக்கமாக இல்லை என்பதால் பலர் இரண்டும் ஒன்றே என்று இருந்துவிடுகிறார்கள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஒன்றிய நாடுகளில் செல்லும் சிம் கார்டு அங்கே தனிக் கட்டணம் இழுக்கலாம். எல்லைக்கு முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். ஆஸ்திரியாவின் தடித்த வட்டப் பிளக் சுவிஸ் சாக்கெட்டில் நுழையாது, மெல்லிய இரண்டு முள் சார்ஜர் இரண்டிலும் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஆஸ்திரியக் கடை ஒன்றில் 75 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரி திரும்பக் கிடைக்கும். ஆனால் அடுத்து சுவிட்சர்லாந்து போய் அங்கிருந்து விமானம் ஏறுவதாக இருந்தால், வரியைத் திரும்பப் பெறும் படிவத்துக்கான சுங்க முத்திரையை ஆஸ்திரியாவை விட்டு வெளியேறும்போதே வாங்கியாக வேண்டும். சூரிச் விமான நிலையத்தில் அது கிடைக்காது.