லக்ரோஸ் வார இறுதிக்குக் கிண்ணம் வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளுக்குத் தோற்கவும் தெரிய வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கடந்த ஜூன் மாதம் ஸ்காபரோவில் நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து நடத்திய சிறுவர் லக்ரோஸ் (வலை கட்டிய தடியால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம்) வார இறுதியைப் பற்றித்தான் அவர் சொல்கிறார். புள்ளி எண்ணாமல், கிண்ணம் கொடுக்காமல் இரண்டு நாள் பிள்ளைகளை ஓடவிட்டது வீண் என்பது அவர் எண்ணம். அடுத்த ஆண்டு வயதுப் பிரிவு வைத்து, சுற்றுப்போட்டி நடத்தி, சிறந்த வீரருக்குப் பரிசளிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். அவருடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்த இரண்டு நாளும் மைதானத்தில் நின்றவள் என்பதால் மறுத்து எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், வேறொரு விளையாட்டில், என் மகளை வெளியூர்ச் சுற்றுப்போட்டிக்குக் கூட்டிப் போனேன். வெள்ளி இரவே புறப்பட்டு, விடுதியில் தங்கி, சனியும் ஞாயிறும் மைதானத்தில் கழிந்தது. இரண்டு நாளிலும் சேர்த்து அவள் ஆடியது பதினொரு நிமிடம். அணி வென்றது. பதக்கமும் கிடைத்தது. திரும்பி வரும்போது காரின் பின் இருக்கையில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, "அம்மா, நான் இனி வரேல்ல" என்றாள். தோற்கப் பழகுவதற்கும் முதலில் பிள்ளை களத்துக்குள் இறங்க வேண்டும். அவளுக்கு அது கிடைக்கவில்லை.

எங்கள் வீடுகளில் லக்ரோஸ் இன்னும் புதிது. 1994இல் வந்த சட்டப்படி ஐஸ் ஹொக்கி கனடாவின் தேசியக் குளிர்கால விளையாட்டு, லக்ரோஸ் தேசியக் கோடைகால விளையாட்டு. பிள்ளைகள் பள்ளியில் இதைப் படிக்கிறார்கள், ஆனால் வலை கட்டிய அந்த ஸ்ரிக்கைக் கையில் பிடித்தவர்கள் மிகக் குறைவு. புல்வெளியில் ஆடும் முழு ஆட்டம் 110 யார் நீளம், 60 யார் அகலம் கொண்ட களத்தில், அணிக்குப் பத்துப் பேராக நடப்பது. பந்து கட்டியான ரப்பர். ஆண்கள் ஆட்டத்தில் உடலோடு மோதுவதும் உண்டு. முதல் நாள் வரும் ஒன்பது வயதுப் பிள்ளையை அதற்குள் விட்டால் மறுநாள் வரமாட்டாள்.

அதனால் ஒரு களத்தைக் குறுக்கே நான்காக வகுத்தோம். ஒவ்வொன்றிலும் ஐவருக்கு ஐவர். கோல்காப்பாளர் இல்லை, சிறிய கோல் வலை, மென்பந்து, மோதல் கிடையாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் பல்லுக்குக் காப்பும் கட்டாயம். 8 முதல் 14 வயது வரை 60க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். களத்தில் இல்லாதவர்கள் பள்ளிக்கூடச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்தார்கள், அல்லது நிலத்தில் உருளும் பந்தைக் குனிந்து அள்ளப் பழகினார்கள். யாரும் வாங்கில் இருக்கவில்லை.

பிள்ளைகள் தாங்களாகவே புள்ளி எண்ணத்தான் செய்வார்கள் என்று அந்த வாசகர் எழுதியது உண்மை. எண்ணினார்கள். முதல் நாள் காலையில் ஒரு தகப்பனார் கோட்டோரத்தில் விரல் மடக்கி உரத்து எண்ணிக்கொண்டும் இருந்தார். ஆனால் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் வாளியில் பெயர்ச்சீட்டுப் போட்டுக் குலுக்கி அணிகளைக் கலைத்தோம். சற்றுமுன் எதிரே நின்றவன் இப்போது பக்கத்தில் நிற்கிறான், அக்காவும் தம்பியும் ஒருமுறை சேர்ந்தும் மறுமுறை எதிரெதிராகவும் ஆடுகிறார்கள். மதியத்துக்குள் பழைய எண்ணிக்கை யாருக்கும் தேவைப்படவில்லை. அந்தத் தகப்பனாரே பிற்பகலில் எங்களோடு சேர்ந்து தண்ணீர்ப் போத்தல் நிரப்பினார்.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது என்பது நியாயமான கேள்வி. முதல் இரண்டு ஆட்டங்களில் பெரிய பையன்கள் மூன்று பேர் பந்தைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். பயிற்றுநர் திட்டவில்லை. கோலுக்கு எறியுமுன் மூன்று பேர் கைமாற வேண்டும், ஏற்கெனவே பழகியவர்கள் தங்களுக்கு வராத கையால்தான் எறிய வேண்டும் என்று இரண்டு விதி போட்டார். வலது கைப் பையன் இடது கையால் எறியத் திணறினான். ஞாயிறு மாலைக்குள் ஓரளவு வந்துவிட்டது. கிண்ணம் ஒன்று மேசையில் இருந்திருந்தால் அவன் இடது கையைத் தொட்டிருக்கவே மாட்டான், வெல்லத் தெரிந்த கையைத்தானே நம்புவான்?

இந்த ஆட்டத்தின் வேரும் இங்கே சொல்லப்பட வேண்டும். மொன்றியலைச் சேர்ந்த பல்வைத்தியர் ஜோர்ஜ் பியர்ஸ் 1867இல் இதற்கு விதி எழுதுவதற்கு நெடுங்காலம் முன்பே பூர்வகுடி மக்கள் இதை ஆடினார்கள். ஆறு பூர்வகுடித் தேசங்களின் கூட்டமைப்பான ஹோடினோசோனி மக்களுக்கு இது படைத்தவர் தந்த ஆட்டம். நோயுற்றவர் தேற வேண்டுமென்றும் ஆடுவார்கள், அதில் யார் வென்றார் என்பது முக்கியமில்லை. பிராண்ட்ஃபோர்ட் பக்கம் கிராண்ட் ஆற்றங்கரையில் இருக்கும், ஆறு தேசங்கள் எனப்படும் அவர்களுடைய நிலத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் ஹிக்கறி மரத்தில் செய்த தடியைக் காட்டி இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொன்னார். ஆண் குழந்தை பிறந்தால் சிறு தடி ஒன்றைக் கொடுக்கிற வழக்கத்தையும் சொன்னார். பந்து விழாமல் ஸ்ரிக்கை அசைத்தபடி ஓடுவதற்கு ஆங்கிலத்தில் 'கிரேட்லிங்', அதாவது தொட்டிலாட்டுதல் என்றுதான் பெயர். பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்திருந்த என் அம்மா, யாரும் சொல்லாமலே, "ஏணை ஆட்டுற மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். கிளித்தட்டு மறித்த தலைமுறை அவருடையது. அந்த ஆட்டத்துக்கு ஊரில் யாரும் கிண்ணம் வைத்ததாக அவருக்கு நினைவில்லை.

கிண்ணம் இல்லை என்பதால் ஒழுங்கும் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். மைதான அனுமதியும் காப்புறுதியும் மாதக்கணக்கில் முன்னதாகவே எடுத்தோம். பிள்ளைகளோடு நின்ற பெரியவர்கள் எல்லோரும் பொலிஸ் சோதனைச் சான்று கொண்டுவந்தார்கள். ரக்பி ஆடித் தலையில் அடிபட்டு 2013இல் இறந்த பள்ளி மாணவி ரோவன் ஸ்ரிங்கரின் பெயரால் ஒன்ராறியோவில் ஒரு சட்டம் இருக்கிறது. அது கேட்கும் மூளை அதிர்ச்சி விளக்கத்தைப் பெற்றோரும் பிள்ளைகளும் படித்து ஒப்பமிட்டார்கள். சனிக்கிழமை பிற்பகல் இடி கேட்டதும் எல்லோரையும் உள்ளே கூட்டிப்போய், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே விட்டோம்.

2028இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அணிக்கு ஆறு பேர் ஆடும் லக்ரோஸ் வருகிறது, இப்போதே போட்டிக்குத் தயார்படுத்த வேண்டாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். தயாராக விரும்பும் பிள்ளைக்குக் கழகங்கள் இருக்கின்றன. அங்கே தேர்வும் உண்டு, புள்ளி அட்டவணையும் உண்டு. இங்கே வந்தவர்களில் ஐந்து பேர் ஜூலையிலேயே அப்படிச் சேர்ந்துவிட்டார்கள். அதில் ஒருத்தி, இனி வரவே மாட்டேன் என்ற என் மகள்.

அடுத்த ஆண்டும் இதே முறையில் நடத்தவே விரும்புகிறோம். பரிசுக்கென்று பணம் தர முன்வந்த அன்பர்கள் அதைக் காப்புக் கண்ணாடிகளுக்குத் தந்து உதவ வேண்டும். இந்த முறை பதினாறு கண்ணாடிகள் பற்றாமல், இரவல் வாங்கும்வரை சில பிள்ளைகள் சுவரடியிலேயே காத்திருந்தார்கள். பிள்ளை வளர்ந்து குட்டையாகிப்போன ஸ்ரிக் வீட்டில் கிடந்தாலும் கொண்டுவந்து தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.