பக்கத்தில் நின்றவரை வெட்டாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நவம்பர் 16 நினைவுக் கண்காட்சிகளுக்குப் படம் தேர்ந்தெடுக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். 1860-இல் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் நம் முன்னோரை இந்தக் கரையில் இறக்கிய நாளை ஆண்டுதோறும் மறவாமல் கொண்டாடுகிறீர்கள். அதற்கு நன்றி. அந்த நாளில் சுவரில் மாட்டும் தெருப் படங்களைப் பற்றித்தான் இம்மடல். பல படங்களில் ஆள் குறைகிறது.

சென்ற நவம்பரில் ஒரு மண்டபத்தில் வார்விக் அதிகாலைச் சந்தையின் பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கொத்தமல்லிக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் எங்கள் ஆயா. அவர் தோளில் ஒரு கை இருக்கிறது. மணிக்கட்டில் பாசிமணி வளையல். அந்தக் கைக்கு உரியவரைக் காணோம். முழுப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆயாவோடு சேர்ந்து கடை பார்த்த ஜூலு அம்மா அதில் நிற்கிறார். லாரியிலிருந்து மூட்டை இறங்கியதும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கீரையைப் பிரித்துக் கட்டுவார்கள். ஆயா ஜூலுவில் கூவி விற்பார். அந்த அம்மா தமிழில் எண்ணிச் சில்லறை கொடுப்பார். தாத்தா இறந்தபோது ஆயா திரும்பி வரும்வரை கடையை மூடவிடாமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். படத்தில் ஆயா சிரிப்பது அவரைப் பார்த்து. அவரை வெட்டியபின் ஆயா எதையோ பார்த்துத் தனியே சிரிக்கிறார்.

இந்தியர் வரலாறு என்ற தலைப்புக்குப் பொருந்தவேண்டும் என்று வெட்டியிருப்பார்கள் என நினைக்கிறேன். மக்களைப் பிரித்து வைக்கும் வேலையை நிறவெறி அரசு செய்து முடித்தது. மேகசின் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்த தமிழரை இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கும், கேட்டோ மேனர் பகுதியிலிருந்த ஆப்பிரிக்கரை அவர்களுக்கென ஒதுக்கிய குவாமாஷுவுக்கும் துரத்தியது. அப்படித் துரத்தப்பட்டவர்கள் மறுநாள் விடியலில் இதே சந்தையில் ஒரே மேசைக்குப் பின்னால் நின்றார்கள். 2009-இல் சந்தையை இடித்து வணிக வளாகம் கட்ட மாநகராட்சி முனைந்தபோதும் சேர்ந்தே எதிர்த்தார்கள், சந்தை பிழைத்தது. இந்த உறவு படத்தில் பதிவாகியிருக்கும்போது அதைக் கத்தரிக்க நமக்கு என்ன உரிமை?

இரு சமூகத்துக்கும் இடையே நடந்தவை எல்லாம் இனிமையானவை அல்ல. 1949 ஜனவரிக் கலவரத்தையும் 2021 ஜூலைக் கலவரத்தையும் எவரும் மறைக்க வேண்டாம். எரிந்த கடைகளின் படங்களும் இருக்கட்டும். ஆனால் பகையின் படத்தை முழுதாகக் காட்டி, தோழமையின் படத்தைப் பாதியாகக் காட்டினால் நம் பேரப்பிள்ளைகள் எதை நம்புவார்கள்?

நம் பெரிய ஒளிப்படக்காரர்கள் இப்படிப் பிரித்துப் பார்த்தவர்கள் அல்லர். இசிப்பிங்கோவில் பிறந்த ரஞ்சித் கல்லி, ‘டிரம்’ இதழுக்காக டர்பனின் இந்தியரையும் ஆப்பிரிக்கரையும் படம் பிடித்தார். கிரே தெருவின் கடைகளையும் மனிதர்களையும் பதிவு செய்த ஒமர் பாட்ஷாதான் இனாண்டாவின் குடிசை மக்களிடமும் கேமராவோடு போனார்.

எனவே ஒளிப்படக்காரர் எடுத்தபடி முழுப் படத்தையும் மாட்டுங்கள். படத்தின் கீழே ‘காய்கறி விற்கும் பெண்’ என்று எழுதி முடித்துவிடாமல், தெரிந்தவரை இருவர் பெயரையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் விசாரியுங்கள். புதிதாகப் படம் எடுக்கும் இளையோரிடமும் சொல்லுங்கள்: கேட்டு எடுக்கட்டும், படத்தில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அடுத்த தேர்வுக் குழுவில் ஜூலு பேசும் சந்தைக்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. விடியற்காலையில் வார்விக் போனால் போதும். விவரம் சொல்லி அறிமுகப்படுத்த நானும் உடன் வருகிறேன்.

இப்படிக்கு,
சந்தைக் குடும்பத்துப் பேத்தி ஒருத்தி,
சாட்ஸ்வொர்த்