மகள் சம்பாதித்த சொத்து, பெற்ற தாய்க்கு ஏன் இல்லை?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெண்களுக்குத்தான் சொத்தில் சம உரிமை வந்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்பவர்கள் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவை ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது, நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆனது, அதெல்லாம் பெருமைதான். ஆனால் அது பெண்ணுக்குச் சொத்து வருவதைப் பற்றியது. அவள் காலத்துக்குப் பிறகு அந்தச் சொத்து யாருக்குப் போகும் என்பதில் பழைய வரிசையேதான் இன்றும்.

உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால் முதலில் பிள்ளைகளும் கணவரும். சரி, நியாயம். அவர்கள் யாரும் இல்லையென்றால்? கணவரின் வாரிசுகள். அவர்களும் இல்லை என்றால்தான் பெற்ற தாய் தகப்பன் பக்கம் சட்டம் திரும்பும். இதே ஓர் ஆண் இறந்தால் மனைவி, மக்களோடு சேர்ந்து தாயும் முதல் வரிசையிலேயே பங்கு வாங்குகிறார். அம்மா வழியாகவோ அப்பா வழியாகவோ வாரிசுரிமையில் வந்த சொத்து என்றால், பிள்ளை இல்லாத பெண்ணின் விஷயத்தில் அது தகப்பன் வழிக்கே திரும்பும் என்று ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். அவளே உழைத்துச் சம்பாதித்ததற்கு அதுவும் கிடையாது!

2009-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு. கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவர் இறக்கிறார், புகுந்த வீட்டார் அந்தப் பெண்ணைத் துரத்திவிடுகிறார்கள், பிறந்த வீட்டுக்கு வந்து படித்து வேலைக்குப் போய் வங்கியிலும் பி.எஃப்.-லும் நல்ல தொகை சேர்த்து, உயில் எழுதாமல் இறந்துபோகிறார். பணம் யாருக்கு? கணவருடைய அக்கா தங்கை மகன்களுக்கு. வழக்குப் போட்ட தாய்க்கு ஒன்றுமில்லை. அனுதாபத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்றது நீதிமன்றம். நீதிபதிகளைக் குறை சொல்லிப் பயனில்லை, சட்டம் அப்படி.

இதற்கு ஒரு வருஷம் முன்பே, 2008-ல், மத்திய சட்ட ஆணையம் தன் 207-வது அறிக்கையில், பெண்ணின் சுயசம்பாத்தியத்தில் பிறந்த வீட்டு வாரிசுகளுக்கும் பங்கு தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. அதோடு சரி. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில், இறந்தவர் ஆணா பெண்ணா என்று பார்த்து வாரிசு வரிசை மாறுவதில்லை. ஆக, செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை.

"உயில் எழுதி வைத்தால் தீர்ந்தது" என்பார்கள். உண்மைதான், வெள்ளைத் தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, அவர்களும் கையெழுத்திட்டாலே செல்லும், பதிவுகூடக் கட்டாயமில்லை. ஆனால் முப்பது வயதில் வேலைக்குப் போகிற பெண் எத்தனை பேர் உயிலைப் பற்றி யோசிப்பார்கள்? வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே வாயை மூடச் சொல்வார்கள். நாமினியாக அம்மா பெயர் இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்கள்தான் அதிகம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதை உரிய வாரிசிடம் ஒப்படைக்க வேண்டியவர்தான் அவர். எங்கள் சொந்தத்திலேயே ஒரு கணவனை இழந்த நர்ஸின் டெபாசிட்டை அவர் தாயார் நாமினி என்று வாங்கிவிட்டு, பல வருஷமாக எட்டிப் பார்க்காத கொழுந்தனார் அனுப்பிய வக்கீல் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வாரிசுரிமை, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிற விஷயம். சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கினால் மாநிலத்துக்குள் செல்லும். 1989 திருத்தம் வந்ததும் இந்த வழியில்தான். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட ஊர் இது. கணவரின் வாரிசுகளை முழுக்க விலக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. தாயையும் தகப்பனையும் அவர்களுக்கு மேலே, கணவர், பிள்ளைகளுக்கு அடுத்த இடத்தில் வைக்கட்டும். அடுத்த கூட்டத்தொடரில் எந்தக் கட்சி உறுப்பினராவது ஒரு தனிநபர் மசோதாவாகவாவது இதைக் கொண்டுவருவாரா?

இப்படிக்கு,
ஒரு வாசகி